'வெள்ளை யானை' என்றால் வெறும் வீண் பொருளா?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒன்றை 'ஒயிட் எலிபன்ட்' என்றால் என்ன அர்த்தம்? எங்கே பயன்படுத்தலாம்?

அகராதியில் 'பயனற்ற பொருள்' என்று போட்டிருக்கும். அது பாதிதான். உடைந்த குடையும் பயனற்றதுதான், குப்பையில் போட்டால் தீர்ந்தது. வெள்ளை யானையை அப்படித் தொலைக்க முடியாது. வைத்திருக்கச் செலவு, பலன் சொற்பம், விடவும் வழியில்லை. இந்த மூன்றும் சேர வேண்டும்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் மாமா வீட்டில் ஒரு பியானோ இருக்கிறது. லிஃப்ட் இல்லாத பழைய பிளாட், மூன்றாவது மாடி. அவருடைய தவுக்கே (சீன முதலாளி) ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது ஆசையாகக் கொடுத்தது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. இந்த ஊர் ஈரத்துக்குச் சுருதி நிற்பதில்லை, சரிசெய்ய ஆள் கூப்பிட்டால் காசு. விற்கலாம் என்றால், சீனப் பெருநாளுக்கு ஊர் வரும் தவுக்கே நேராக வீட்டுக்கு வந்து அதைத் தடவிப் பார்ப்பார். அத்தை அதன் மேல் துணி போட்டு மூடி, சாமி படம் வைத்துவிட்டார்.

சொல் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசருக்கு யார் மீதாவது கோபம் வந்தால் வெள்ளை யானை ஒன்றைப் பரிசாகத் தருவாராம். புனிதமான விலங்கு, வேலை வாங்கக் கூடாது. அரசர் கொடுத்தது, விற்கவும் முடியாது. தீனி போட்டே ஆள் ஓட்டாண்டி. ஆனால் இப்படி நடந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. அங்கே வெள்ளை யானை அரச கௌரவத்தின் சின்னம், 1916 வரை சயாம் கொடியிலேயே இருந்தது. அதைக் கோபத்தில் தூக்கிக் கொடுப்பார்களா என்பது என் சந்தேகம்.

நாமும் 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்கிறோமே, அதுதானே இது? முழுக்க இல்லை. நம் பேச்சில் செலவு மட்டும்தான் வருகிறது, யானையால் பயன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

மலேசியாவில் இந்தச் சொல் கொஞ்சம் அகன்றுவிட்டது. மலாய்ப் பத்திரிகைகளில் 'காஜா பூத்தே' (வெள்ளை யானை) என்றால் ஆள் வராத அரங்கம், கடை திறக்காத சந்தை, பாதியில் நின்ற கட்டடம் எல்லாம் அடங்கும். கோலாலம்பூர் புடுவில் 1997 நிதி நெருக்கடியில் நின்றுபோன பிளாசா ராக்யாட் கட்டடத்தை அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு பிளாசா ராக்யாட் என்ற பெயர் வந்துவிட்டது, கட்டடம்தான் பல ஆண்டுகள் வராமலே கிடந்தது. கறாராகப் பார்த்தால் பாதியில் நின்றதைவிட, கட்டி முடித்துத் திறப்பு விழாவும் நடத்திவிட்டு, காலியாகக் கிடந்து மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் தின்னும் கட்டடத்துக்கே 'வெள்ளை யானை' என்ற பெயர் பொருத்தம்.

பயன்படுத்தும்போது ஒரு கவனம்: இது குறை சொல்லும் சொல். அலுவலகக் கூட்டத்தில் ஒரு திட்டத்தை இப்படிச் சொன்னால், ஒப்புதல் கொடுத்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். பொருளுக்கும் திட்டத்துக்கும்தான், மனிதருக்குச் சொல்வதில்லை. 'அறைக்குள் யானை' என்பதோடும் குழப்ப வேண்டாம். அது எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத விஷயம்.

அப்புறம், அமெரிக்க கம்பெனியில் வேலை என்றால் டிசம்பரில் 'ஒயிட் எலிபன்ட்' விருந்துக்கு அழைப்பு வரலாம். பயப்பட வேண்டாம், அது பரிசு மாற்றும் விளையாட்டு. மலிவான, சிரிப்பு மூட்டும் பொருள் ஒன்றைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனால் போதும்.