கிளிநொச்சியிலிருந்து ஒரே நாளில் வில்பத்து தேசியப் பூங்கா முழுவதையும் பார்த்துவிட்டு வரலாமா?

முடியாது. ஒரு துண்டை வடிவாகப் பார்க்கலாம்.

வில்லுகள் (காட்டுக்குள் மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்கள்), சிறுத்தை, குதிரைமலைக் கடற்கரை, திரும்பி வரும்போது அரிப்பு அல்லி ராணிக் கோட்டை என்று எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடுக்கியிருக்கிறீர்கள். அம்மம்மாவும் சின்னப்பிள்ளைகளும் கூட வருகிறார்கள், வாடகைக்கு வானும் பேசியாச்சு என்றுதான் கேள்வியைப் பார்த்தால் தெரிகிறது. வில்பத்து 1,317 சதுர கிலோமீற்றர். உங்கள் கிளிநொச்சி மாவட்டமே 1,279 தான். ஒரு நாளில் மாவட்டம் முழுக்க ஒழுங்கைப் பாதையில், ஓடும் நேரத்தை விட நிற்கும் நேரம் கூட வைத்துச் சுற்றிப் பாருங்கோ, விளங்கும்.

முதலில் வாசலைத் தெரிவு செய்யுங்கோ, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். பிரதான வாசல் ஹுனுவிலகம. வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், பிறகு புத்தளம் வீதியில் நொச்சியாகம தாண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டும். கிளிநொச்சியிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம் என்று வையுங்கோ. இந்த வாசலால் போனால் முதலில் நெடுகக் காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று வன்னியில் நாங்கள் பார்த்து வளர்ந்த அதே மரங்கள். பிள்ளைகள் ‘ஒண்டுமே இல்லை’ என்று சிணுங்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அது முடியவே வில்லுகள் வரும்.

மற்றது எலுவன்குளம் வாசல், புத்தளம் பக்கம், கலா ஓயாவைக் கடந்து போவது. கடற்கரையும் குதிரைமலையும் வேண்டுமென்றால் இதுதான் கிட்ட. ஆதிச்சநல்லூர் போலத் தாழியில் புதைத்த பழைய ஈமக்காடு கிடைத்த பொம்பரிப்பும் இந்தப் பக்கம்தான். ஆனால் மாரியில் ஆறு பெருகினால் கடவை தண்ணீருக்குள் போய்விடும். உங்களுக்கு வழியும் இன்னும் நீளம்.

‘மன்னாரால் போய் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி தாண்டி நேரே இறங்கலாமே, கூகுள் மப் காட்டுதே’ என்று ஒருவர் கட்டாயம் கீழே எழுதுவார். அந்தப் பழைய பாதை பூங்காவுக்குள்ளால் போவது. அதைப் பற்றிய வழக்கும் வாக்குவாதமும் வருடக்கணக்காக இழுபட்டன. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதை நம்பி வெளிக்கிடாதேங்கோ. அரிப்பு அல்லி ராணிக் கோட்டையை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கோ. அது பூங்காவின் வடக்கு எல்லையான மோதரகம் ஆற்றுக்கும் வடக்கே, மன்னார்ப் பயணத்தோடு சேர வேண்டியது. அல்லி ராணி என்று சொன்னாலும் அது ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டுவித்த மாளிகை. கடல் அரித்துக்கொண்டே போகிறது, ஆகவே பிந்தாமல் போங்கோ, ஆனால் வேறொரு நாள்.

ஆக உங்களுக்கு என் தெரிவு: ஹுனுவிலகம வாசல், வில்லுகள் மட்டும், முதல் நாள் இரவு நொச்சியாகம அல்லது அனுராதபுரத்தில் தங்கல். வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்கு மூடும். வீட்டிலிருந்து நேரே வந்தால் இரவு இரண்டு மணிக்கு முன்பே வெளிக்கிட வேண்டும். சாரதிக்கும் நித்திரை, பிள்ளைகள் ஜீப்பில் ஏறினதும் நித்திரை. அறைக் காசை மிச்சம் பிடித்து நல்ல இரண்டு மணித்தியாலத்தைத் தொலைப்பீர்கள்.

வான் உள்ளே போகாது. சில்லு புதையும் மணல் பாதை, நாலு சில்லும் இழுக்கும் வாகனம் வேண்டும். வாசலுக்கு வெளியே ஜீப் பிடிக்கலாம், பின்னால் ஆறு பேர் சரி. ஏறுவதற்கு முதல் கேட்டு முடியுங்கோ: அரை நாளா முழு நாளா, சொன்ன காசுக்குள் நுழைவுச்சீட்டு இருக்கிறதா, எந்த வில்லுகள் வரை போகும், மதியம் எங்கே நிறுத்தும். ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்றால் எதெது என்று கேளுங்கோ. நுழைவுச்சீட்டுக்கு மேலே சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று தனித்தனியாக ஏறும். பிழை பிடிபடுவது அங்கேதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்கள் யாரும் கூட வந்தால் இதையும் வாசியுங்கோ. வெளிநாட்டவர் கட்டணம் டொலரில் போட்டு ரூபாவில் அறவிடுவது, உள்ளூர்க் கட்டணத்தை விடப் பல மடங்கு. தமிழ் கதைப்பதும் கிளிநொச்சியில் பிறந்ததும் அங்கே கணக்கில்லை, கையில் என்ன அட்டை இருக்கிறது என்பதுதான் கணக்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையைக் கொண்டு வரட்டும். வாசலில் நின்று சண்டை பிடித்தால் போவது விடியற்காலை வெளிச்சம்.

இருக்கை விசயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைசி வரிசை பின் அச்சுக்கும் பின்னால் வரும், பள்ளத்தில் இறங்கும்போது ஆளைத் தூக்கிப் போடும். முதுகு நோ உள்ள அம்மம்மாவைச் சாரதிக்குப் பின்னால் முதல் வரிசையில் இருத்துங்கோ, பிள்ளைகளை நடுவில். கடைசி வரிசை இளசுகளுக்கு.

வில்லு என்பது எங்கள் குளம் மாதிரி இல்லை. கட்டு இல்லை, துருசு இல்லை. மழைநீர் தேங்கும் ஆழமில்லாத இயற்கைப் பள்ளம். சுற்றிவர வெள்ளை மணல், அதற்கு அப்பால் புல், அதற்கு அப்பால் காடு. சிலது உவர். கோடை ஏற ஏறத் தண்ணீர் நடுவுக்குச் சுருங்கும், புல்வெளி அகலும். மான் புல்லுக்கு வரும், சிறுத்தை காட்டு ஓரத்தில் நிழலுக்குள் கிடக்கும். ஆகவே ஜீப்பைத் தண்ணீரைப் பார்த்து நிறுத்துவதில் பாதிப் பிரயோசனம்தான். வெயில் முதுகுக்கு வரும்படி, எதிர்ப்பக்கக் காட்டோரம் தெரிய நிறுத்தச் சொல்லுங்கோ. என்ஜினை அணைத்து இருபது நிமிடம் பொறுங்கோ. புள்ளிமான் எல்லாம் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்து, ஒன்று குரல் கொடுத்தால் அந்தப் பக்கம் பாருங்கோ. மயிலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது தவறிவிடும்.

சிறுத்தைக்குத் தெற்கே உள்ள யால பூங்காதான் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அங்கே வாய்ப்புக் கூட, ஜீப்பும் கூட. பெரிய யானைக் கூட்டம் வேண்டுமென்றால் மின்னேரியாவுக்குப் போங்கோ. வில்பத்துக்கு வருவது நிலம் மாறுவதைப் பார்க்க. கரடி பார்க்க ஆசை என்றால் பாலைப்பழக் காலம், மே கடைசியிலிருந்து ஜூலை வரை. பழத்துக்கு மரத்தில் ஏறி இருக்கும். அந்தக் காலத்தில் வழியில் கண்ட பாலை மரத்தை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போங்கோ. நவம்பர், டிசம்பர் வேண்டாம். மழையில் பாதை மூழ்கும், காடெங்கும் தண்ணீர் இருப்பதால் மிருகம் வில்லுக்கு வரவேண்டிய தேவையும் இல்லை.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், எவர்சில்வர் போத்தலில். பொலித்தீன், பிளாஸ்டிக் பையை வாசலில் சோதிப்பார்கள், சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கோ. அனுமதித்த இடம் தவிர இறங்கக்கூடாது. கும்புக் விலவில் இறங்கிச் சாப்பிடலாம். மற்றபடி பிள்ளைகளுக்கு மூத்திரம் வந்தால் சிக்கல், ஏறுவதற்கு முதல் எல்லோரையும் போகப் பண்ணுங்கோ. கோடையில் செம்புழுதி, கைக்குட்டை வேண்டும். உள்ளே சிக்னலை நம்பாதேங்கோ. ஸ்பீக்கர் பெட்டியைத் தயவுசெய்து வானோடு விடுங்கோ. ஞாயிறுகளில் சில கூட்டம் போடும் சத்தத்தில் பன்றிகூட நிற்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்கா ஆனது, அதே வருடம் மடு வீதிப் பூங்காவும். வில்பத்து, யால என்று எத்தனை பேர் கேட்கிறார்கள், சுண்டிக்குளத்துக்கு எப்போது போகலாம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வலசைப் பறவை வரும் காலத்தில் ஒரு காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம்.

குதிரைமலை கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டாவது நாளை அதற்கென்றே ஒதுக்குங்கோ, முழு நாள் ஜீப்போடு. பூங்காவுக்குள் தங்க ஆசையென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகளை முன்கூட்டியே ஒன்லைனில் எடுக்க வேண்டும். அரிசி, மரக்கறி, படுக்கை விரிப்பு எல்லாம் நீங்கள்தான் கொண்டு போக வேண்டும், காவலாளி சமைத்துத் தருவார். மோதரகம் ஆற்றுப் பக்கம் உள்ள கொக்மொட்டை விடுதி கிடைத்தால் விடாதேங்கோ.