இழவு வீட்டில் விலை கேட்கலாமா?

கேள்வி: சென்ற மாதம் என் தந்தை ஒரு தனியார் மருத்துவமனையில் விடியற்காலையில் காலமானார். நாங்கள் யாரையும் அழைப்பதற்கு முன்பே அமரர் ஊர்தியுடன் ஒருவர் வாசலில் வந்து நின்றார். வண்டி, குளிர்பதனப் பெட்டி, எம்பாமிங் (உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுவது), மாலை எல்லாம் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்றார். விலை கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் தகனம் முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் ‘மொத்தம் 46,000, ஜி.எஸ்.டி. உட்பட’ என்று எழுதிக் கொடுத்தார், பணத்தைக் கொடுத்துவிட்டேன். அப்பாவின் கடைசிச் செலவுக்காகப் புகார் செய்வது முறையா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். — வாசகி, திருச்சி

பதில்: முறைதான். தந்தைக்குச் செய்த செலவை நீங்கள் குறை சொல்லவில்லை. அந்த வேளையில் உங்களால் பேச முடியாது என்று தெரிந்துகொண்டு ஒருவர் போட்ட கணக்கைத்தான் கேட்கிறீர்கள். புடவை எடுப்பதற்கு நாலு கடை ஏறி இறங்குகிற நாம், இழவு விழுந்த வீட்டில் பேரம் பேசுவது இறந்தவருக்கே அவமரியாதை என்று நினைக்கிறோம். ஆகவே, மற்ற வணிகங்களில் வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் இந்தத் தொழிலில் விற்கிறவர் கேட்காமலே சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 1984 முதல் நடப்பில் உள்ள ஒரு விதி இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது: நேரில் வந்து கேட்பவரிடம் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலை எழுதிய பட்டியலைக் கொடுக்க வேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் விலையைச் சொல்ல வேண்டும், சட்டம் கேட்காத எம்பாமிங்கைச் சட்டம் கேட்பதாகச் சொல்லக் கூடாது. நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கென்று அப்படியொரு தனி விதி இல்லை என்றாலும், நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

அந்தச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை ஆகிய சேவைகளையும் உடலை எடுத்துச் செல்வதையும் வரிக்குள் கொண்டுவரவே இல்லை. அப்படியிருக்க, அவற்றின் பேரில் வரி என்று எவ்வளவு வாங்கியிருந்தாலும் அது வாங்கக் கூடாத பணம். முறையான ரசீது தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். எம்பாமிங்கைப் பொறுத்தவரை, உடலை விமானத்தில் அனுப்பும்போது அதற்கான சான்றிதழ் கேட்பார்கள். உள்ளூரில் மறுநாளே தகனம் செய்த உங்கள் தந்தைக்கு, அதிலும் குளிர்பதனப் பெட்டி இருந்தபோது, அது எதற்கு என்று அவர்தான் விளக்க வேண்டும்.

எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: நான் அமரர் ஊர்தியும் குளிர்பதனப் பெட்டியும் வாடகைக்கு விடுகிறேன். தகவல் சொல்லும் மருத்துவமனை ஊழியர்கள் ஓர் உடலுக்கு 2,000 ரூபாய் கமிஷன் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் வண்டி ஓடாது. மனம் ஒப்பவில்லை. — வாசகர், மதுரை

பதில்: உங்கள் மனம் சொல்வது சரி. அந்த 2,000 ரூபாய் உங்கள் பையிலிருந்து போவதில்லை. அழுதுகொண்டிருக்கிற குடும்பத்தின் கணக்கில்தான் ஏறுகிறது. நோயாளியின் குடும்பத்தைப் பற்றி ஊழியர் வெளியாளுக்குச் சொல்வதும் நம்பிக்கைத் துரோகமே.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்த அன்று பெட்டி கொண்டுவந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, திண்ணையில் இருந்த சித்தப்பாவைத் தனியே அழைத்து, “எப்போது எடுக்கிறீர்கள்?” என்றுதான் முதலில் கேட்டார். நண்பகலுக்குள் என்றதும், “அப்படியானால் பெட்டி வேண்டாம் ஐயா, வீண் செலவு; வண்டி மட்டும் அனுப்புகிறேன்” என்று சொல்லி, இறக்கிய பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். அன்று அவர் ஒரு வாடகையை இழந்தார். அதன்பின் எங்கள் பகுதியில் யார் வீட்டில் சாவு என்றாலும் அவருக்குத்தான் முதல் அழைப்பு.

அழுகிறவரிடம் பேசாமல், சற்று நிதானமாக இருக்கிற உறவினர் ஒருவரிடம் விலையைச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். குறைந்த செலவில் முடிவதை முதலில் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவரின் குடும்பம் வசதியில்லாதது என்று தெரிந்தால், 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். பாக்கிக்காக உடலை ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்காதீர்கள். மருத்துவமனைக்கே அந்த உரிமை இல்லை என்று நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. கமிஷனாகக் கேட்கும் அந்த 2,000 ரூபாயை வாடகையிலேயே குறைத்து, குறைத்த விலையை வண்டியின் இரு பக்கமும் தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களிடமும் ஊராட்சி உறுப்பினர்களிடமும் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். முதல் சில மாதங்கள் வண்டி குறைவாகத்தான் ஓடும்; அதற்குத் தயாராக இருங்கள்.