தோல் கோட்டும் என் ஸ்கோர் நோட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாற்பது வருஷமாகக் கிரிக்கெட் பார்க்கிறேன். ஏலம், சூதாட்டம், விளம்பரம் எல்லாம் பார்த்து இப்போது மனசு விட்டுப்போய்விட்டது. “காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்களுக்காக நீங்கள் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?” என்று மகள் கேட்கிறாள். உங்களுக்கு இப்படித் தோன்றியதுண்டா?

பதில்: தோன்றியதுண்டாவா? தேதி போட்டே சொல்கிறேன். 2000 ஜனவரி 18. செஞ்சூரியனில் தென்னாப்பிரிக்கா – இங்கிலாந்து ஐந்தாவது டெஸ்ட். நடுவில் மூன்று நாள் மழையில் போய்விட்டது. டிராதான் என்று எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த கடைசி நாளில், தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே இங்கிலாந்து கேப்டனிடம் போய்ப் பேசினார். ஆளுக்கு ஓர் இன்னிங்ஸை விட்டுக்கொடுப்போம், நீங்கள் 249 ரன் துரத்துங்கள் என்றார். டெஸ்ட் சரித்திரத்தில் யாரும் செய்யாத காரியம். துரத்தினார்கள். இரண்டு விக்கெட் மீதமிருக்க இங்கிலாந்து ஜெயித்தது.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஸ்கோரை நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம். அன்றைய பக்கத்தின் அடியில், “தோற்றாலும் சரி, ஆட்டம் நடக்கட்டும் என்கிறவன்தான் கேப்டன்” என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏப்ரலில், குரோனியே ஒரு சூதாட்டத் தரகரோடு பேசிய தொலைபேசிப் பேச்சை டெல்லி போலீஸ் வெளியே கொண்டுவந்தது. ஜூனில் விசாரணைக் கமிஷன் முன்னால் குரோனியே ஒப்புக்கொண்டார்: அந்த டெஸ்டில் யாராவது ஜெயித்தாக வேண்டும் என்று பந்தயத் தொழிலில் இருந்த ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குக் கிடைத்தது கொஞ்சம் பணமும் ஒரு தோல் கோட்டும்.

தோல் கோட்டு! பெரிய தொகைக்கு விலைபோயிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருப்பேனோ என்னவோ.

பக்கத்தைக் கிழிக்கத்தான் நோட்டை எடுத்தேன். கிழிக்க வரவில்லை. அதிலிருந்த ரன்கள் பொய்யில்லை. பேட்டைப் பிடித்து அடித்தவர்களுக்கு எந்தக் கோட்டைப் பற்றியும் தெரியாது. துரத்தல் நிஜம், பதைபதைப்பு நிஜம், அதை நடத்திவைத்த கை மட்டும் திருட்டுக் கை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் மகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நீங்கள் நிற்கிற இடத்தில்தான் நானும் நிற்கிறேன்.

கேள்வி: காசுக்கு ஆட ஆரம்பித்த பிறகுதானே கிரிக்கெட் கெட்டது? அந்தக் காலத்துக் கனவான்கள் ஆடியபோது சுத்தமாக இருந்ததல்லவா?

பதில்: இல்லை. இங்கிலாந்தில் 1962 வரை ‘கனவான்கள்’, ‘ஆட்டக்காரர்கள்’ என்று இரண்டு சாதி வைத்திருந்தார்கள். முதல் வகை காசு வாங்காதவர்கள், இரண்டாவது வகை கூலிக்கு ஆடுகிறவர்கள். ஸ்கோர் அட்டையில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும், கூலிக்காரனுக்குப் பின்னால். ஃப்ரெட் டிட்மஸ் என்ற இளைஞனுக்குத் தவறிப்போய் முன்னால் அச்சடித்துவிட்டார்கள். லார்ட்ஸ் ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவித்தார்களாம். கனவான்களின் தலைவர் டபிள்யூ.ஜி. கிரேஸோ, எந்தக் கூலிக்காரனையும்விட அதிகமாகக் கிரிக்கெட்டில் சம்பாதித்தவர். எல்லாம் ‘செலவுக்கணக்கு’ என்ற பெயரில்.

ஆகவே சம்பளத்தின் மேல் எனக்குப் புகார் கிடையாது. வியர்வை சிந்துகிறவன் வாங்கட்டும், நிறையவே வாங்கட்டும். சம்பளம் போதாமல் பின்வாசல் வழியாகவும் வாங்கினான் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிகிறது.

கேள்வி: கிரிக்கெட்டில் உங்களை அதிகம் வலிக்கவைத்த நாள் 1999 சேப்பாக்கம்தானே?

பதில்: எல்லோரும் இதையே கேட்கிறார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. முதுகு வலியோடு 136 அடித்துவிட்டு டெண்டுல்கர் வெளியேறும்போது தேவை 17 ரன். நான்கே ரன்னில் மீதி மூன்று விக்கெட்டும் போய், 12 ரன்னில் தோற்றோம். அழுதேன். ஆனால் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியதே, அந்த வலிக்கு மருந்து அதிலேயே இருந்தது.

மருந்தில்லாதது 2010 ஆகஸ்ட், லார்ட்ஸ். பாகிஸ்தானின் முகமது அமீர், 18 வயசு. அப்படி ஒரு இடக்கை ஸ்விங்கை நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. இங்கிலாந்து 102-க்கு 7. டிவிக்கு முன்னால் உட்கார முடியாமல் எழுந்து நின்றே பார்த்தேன். அந்த இன்னிங்ஸில் பையனுக்கு ஆறு விக்கெட். அதே ஆட்டத்தில், சொல்லிவைத்த பந்தில், சொல்லிவைத்தபடி, காசுக்காகக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்து நோ-பால் போட்டிருக்கிறான்! இதற்காக அடுத்த வருஷம் அவனையும் சேர்த்து மூன்று பாகிஸ்தான் வீரர்கள் சிறைக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து யாராவது நோ-பால் போட்டால் நான் பந்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறேன், அப்புறம் கேப்டன் முகத்தைப் பார்க்கிறேன். லட்டு மாதிரி வந்த கேட்ச் நழுவினால் முன்பெல்லாம் தலையில் கை வைத்துக்கொள்வேன். இப்போது கண்ணைச் சுருக்கிக்கொள்கிறேன். தடைக்காலம் முடிந்து 2016-இல் அமீர் அதே லார்ட்ஸில் பந்துவீச ஓடி வந்தபோது என்னை அறியாமல் கை தட்டப்போனேன். பாதியிலேயே நின்றுவிட்டது.

கேள்வி: ஐபிஎல் பார்ப்பீர்களா?

பதில்: சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன். நிர்வாகத்தில் இருந்தவர்களின் சூதாட்டத்துக்காகச் சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளையும் இரண்டு வருஷம் வெளியே உட்காரவைத்தார்கள். இனி அந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று சபதம் போட்டேன். 2018-இல் சென்னை திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியபோது துள்ளிக் குதித்தவர்களில் அடியேனும் ஒருவன். வெட்கம்தான்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த வீரர் யார்? ஒரே ஒருவரைத்தான் சொல்ல வேண்டும்.

பதில்: குண்டப்பா விஸ்வநாத். 1975 சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸில், அணியின் 190 ரன்னில் இவர் மட்டும் 97 நாட் அவுட். சதத்துக்கு மூன்று ரன் பாக்கி, மறுமுனையில் ஆள் தீர்ந்துவிட்டது.

ஆனால் நான் அவரைக் கும்பிடுவது 1980 பம்பாய் டெஸ்டுக்காக. அவர்தான் கேப்டன். 58-க்கு 5 என்று இங்கிலாந்து திணறியபின் போத்தமும் பாப் டெய்லரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். டெய்லர் கீப்பர் கேட்ச் என்று அம்பயர் கை தூக்கிவிட்டார். பேட்டில் படவில்லை என்று விஸ்வநாத்துக்குத் தோன்றியது. அப்பீலை வாபஸ் வாங்கி டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டார். அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. நாம் பத்து விக்கெட்டில் தோற்றோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விஸ்வநாத் செய்ததும் குரோனியே செய்ததும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே காரியம். ஜெயிப்பதைவிட ஆட்டம் பெரிது என்று ஒரு கேப்டன் இறங்கிவந்தார், அவர் அணி தோற்றது. குரோனியே பணத்தை மட்டுமா திருடினார்? விஸ்வநாத்தின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டல்லவா வந்தார்! நல்லவேளை, விஸ்வநாத் 1980-லேயே செய்துவிட்டார். இன்றைக்குச் செய்திருந்தால் முதலில் அவர் செல்போனை வாங்கிச் சோதித்திருப்பார்கள். நானே “யாரோ கொடுத்திருக்கிறான்” என்றிருப்பேன்.

கேள்வி: காசு புழங்காத ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு நீங்கள் ஸ்கோரர் வேலை பார்ப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கேயாவது நேர்மை இருக்கிறதா?

பதில்: அங்கே இலவசமாகவே ஏமாற்றுகிறார்கள். தரையில் பட்ட பந்தைப் பிடித்தேன் என்று சத்தியம் செய்கிறவர் பேங்கில் பெரிய உத்தியோகத்தில் இருப்பார். தங்கள் பையனுக்கு எல்.பி. அவுட் கொடுக்காத அம்பயர்கள் உண்டு. மூன்று ரன்னை நான்காக எழுதச் சொல்லி என் தோளில் கை போட்டவர்களும் உண்டு.

போன மாதம் ஓர் ஆட்டம். கடைசி ஜோடி, ஜெயிக்க ஆறு ரன். பந்து உரசியது எனக்கே கேட்டது. அம்பயர் அவுட் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். பேட்ஸ்மேனுக்கு ஐம்பது வயசிருக்கும். ஒரு விநாடி நின்றார், பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்துவிட்டார். ஆட்டம் முடிந்தது. அவருடைய ஆட்களே அவரிடம் பேசவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலைக்கூட நகர்த்தி வைத்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேடை அவிழ்த்தார். அவர் பெயருக்கு நேரே ‘கேட்ச், கீப்பர் – 11’ என்று எழுதினேன். அம்பயர் கை தூக்கவில்லை என்பதையும் எழுத ஆசைதான். ஸ்கோர் நோட்டில் அதற்குக் கட்டமில்லை.