காலேஜ்ல ஃபெயில் ஆகிட்டே இருக்கேன், படிக்க உக்காந்தா எதுவும் ஏற மாட்டேங்குது. இது சோம்பேறித்தனமா, டிப்ரெஷனா?

இதே கேள்விய ரெண்டு வருஷம் யார்கிட்டயும் கேக்காம உள்ளயே வச்சிட்டு சுத்தினவன் நான், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

செகண்ட் இயர் முடியுறப்ப ஏழு அரியர். புக்க திறப்பேன், ஒரே பாராவ நாலு தடவ படிப்பேன், என்ன படிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. சரி போன்தான் கெடுக்குதுன்னு அத அக்காகிட்ட குடுத்துட்டு உக்காந்தேன், ரெண்டு மணி நேரம் சுவத்த பாத்துட்டு இருந்ததுதான் மிச்சம். வீட்ல திமிருன்னாங்க, காலேஜ்ல இன்ட்ரஸ்ட் இல்லன்னாங்க, நான் எனக்கே வச்சுக்கிட்ட பேரு சோம்பேறி. எல்லாரும் மார்க்க மட்டும்தான் பாத்தோம், நானும் சேத்துதான்.

டிப்ரெஷன்னா அழுதுட்டே இருக்கணும்னு நெனச்சிருந்தேன். நான் அழவே இல்ல. கவனம் நிக்காம போறது, சின்ன விஷயத்துல கூட முடிவெடுக்க முடியாதது, எந்நேரமும் அசதி, நாம எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுறது, தூக்கம் ரொம்ப கூடுறது இல்ல கொறையுறது, இதெல்லாமே டாக்டர்ங்க பாக்குற அறிகுறி லிஸ்ட்ல இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நல்லா படிக்கிறவன் திடீர்னு ஃபெயில் ஆனா என்னப்பா ஆச்சுன்னு யாராவது கேப்பாங்க. ஏற்கனவே தடுமாறிட்டு இருக்கறவன் இன்னும் ரெண்டு பேப்பர் விட்டா யாருக்கும் ஆச்சரியமே இல்ல, அவன் அப்படித்தான்னு போயிடுவாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது கண்டுபிடிக்கப்படாமலே போறதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

எனக்கு பொறி தட்டுனது லீவுலதான். எக்ஸாம் டென்ஷன்னா கடைசி பேப்பர் முடிஞ்ச சாயங்காலமே பாதி இறங்கிடும்ல, எனக்கு லீவு விட்டு மூணு வாரம் ஆகியும் இறங்கல. ஷட்டில் ஆட கூப்பிட்டாங்க, முன்னெல்லாம் மொத ஆளா போய் நிப்பேன், இப்ப காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு படுத்துக்கிட்டேன். படிப்பு மேலதான் வெறுப்புன்னா ஷட்டில் என்ன பாவம் பண்ணுச்சு? மனசு சோர்ந்தே இருக்கறது இல்ல பிடிச்சது எதுலயும் பிடிப்பு இல்லாம போறது, இந்த ரெண்டுல ஒண்ணோட மத்த அறிகுறியும் சேந்து மொத்தம் கொறஞ்சது அஞ்சு அறிகுறி ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் இருந்தா டாக்டர பாக்க வேண்டிய நேரம்.

டிப்ரெஷன் அறிகுறி எவ்ளோ இருக்குன்னு பாக்க பிஹெச்க்யூ-9னு ஒரு ஃபார்ம் இருக்கு, 2001ல வந்தது, ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. 10 இல்ல அதுக்கு மேல வந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட பேசணும். எனக்கு 17. வாழ்க்கையில நான் அதிகமா மார்க் வாங்கக் கூடாத ஒரே டெஸ்ட்டு அதுதான், அதுல போய் வாங்கி வச்சிருக்கேன். ஆனா அத வச்சே நீங்களா எனக்கு டிப்ரெஷன்னு முடிவு கட்டிடாதீங்க. என் டாக்டர் மொதல்ல தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பாக்கச் சொன்னாரு, ஏன்னா அதுல கோளாறு இருந்தாலும் இதே மாதிரி அசதியும் மந்தமும் வரும். அப்புறம் தூங்காமலே செம எனர்ஜியா இருந்த நாள் எதாச்சும் உண்டான்னு துருவித் துருவி கேட்டாரு, மனசு சில நாள் ரொம்ப உச்சத்துக்கும் சில நாள் ரொம்ப கீழயும் போற பைபோலாரா இருந்தா வைத்தியமே வேற. சின்ன வயசுல இருந்தே கவனம் சிதறுதுன்னா அதையும் சொல்லுங்க, ஏடிஹெச்டியா இருக்கலாம்.

எனக்கு மாத்திரையும் கவுன்சிலிங்கும் சேத்து குடுத்தாங்க. மாத்திரை ஒழுங்கா வேல செய்ய நாலுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகும்னு தெரியாம பத்தாவது நாளே விட்டுடலாம்னு பாத்தேன், நல்லவேள அக்கா விடல. டாக்டர கேக்காம நீங்களா நிறுத்தாதீங்க, 25 வயசுக்கு உள்ளன்னா ஆரம்ப வாரங்கள்ல செத்துடலாம்ங்கற எண்ணம் அதிகமானா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். கவுன்சிலிங்ல சொன்னது எனக்கு மொதல்ல சிரிப்பா இருந்துச்சு: மூடு வந்தா செய்யலாம்னு காத்திருக்காத, செய், மூடு பின்னாடி வரும். தினமும் ஒரே நேரத்துல பத்து நிமிஷம் நடக்கணும், நோட்ல எழுதணும், அவ்ளோதான். பாசிட்டிவா யோசின்னு சொன்ன நூறு பேர விட அந்த பத்து நிமிஷம் உருப்படியா இருந்துச்சு.

அரியர் ஒரே செமஸ்டர்ல க்ளியர் ஆகல, ஏழையும் மொத்தமா எழுதித் தீத்துடலாம்னு நான் போட்டதே முட்டாள்தனமான ப்ளான். ரெண்டு ரெண்டா எழுதினேன்.

அந்த ஃபார்ம்ல ஒன்பதாவது கேள்வி, செத்துடலாம்னு தோணுதாங்கறது. பக்கத்துல அம்மா இருந்தாங்கன்னு நான் அதுக்கு 0 போட்டேன். டாக்டர் அம்மாவ வெளிய இருக்கச் சொல்லிட்டு அத மட்டும் மறுபடி கேட்டாரு, அப்பதான் வாயத் திறந்தேன். உங்களுக்கும் அதுக்கு 0 இல்லன்னா இந்தப் பதில இதோட மூடிட்டு இன்னைக்கே பக்கத்துல இருக்கற யார்கிட்டயாவது சொல்லிட்டு, அவங்களையும் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, அரியர பத்தி அப்புறம் பேசிக்கலாம்.