ஜப்பான் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் இதுவரை வெளிநாடே போனதில்லை. ஜப்பான் போக வேண்டும் என்று மூன்று வருடமாக மாதம் 8,000 எடுத்து வைத்தேன். இப்போது கணக்கில் 40,000தான் மிச்சம். அவசரம் என்று தம்பி மூன்று முறை கைமாற்றாக வாங்கினான், ஒன்றும் திரும்பவில்லை. யென் மதிப்பு இறங்கியிருக்கும்போதே 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கி, கணவரும் நானும் போய் வந்துவிடலாமா? வட்டி 16 சதவீதம், மூன்று வருடம். தவணையைக் கட்டிவிட முடியும்.

பதில்: வேண்டாம். 8,000 வீதம் 36 மாதம் என்றால் 2.88 லட்சம். பயணச் செலவே 3 லட்சம்தான். ஆக, ஜப்பானுக்கான பணத்தை நீங்கள் ஏறக்குறைய சேர்த்து முடித்துவிட்டீர்கள், அதில் இரண்டரை லட்சம் தம்பியிடம் இருக்கிறது. இந்தக் கடனுக்குப் பயணக் கடன் என்று பெயர் வைத்தாலும், தம்பிக்குக் கொடுத்த பணத்துக்குத்தான் வட்டி கட்டப்போகிறீர்கள்.

எவ்வளவு வட்டி? மாதத் தவணை சுமார் 10,500. மூன்று வருடத்தில் 3.8 லட்சம் கட்டியிருப்பீர்கள், அதாவது 80,000 கூடுதல்.

யென் விஷயத்தை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கு மேல் கிடைத்தது, அதாவது யென் அவ்வளவு மலிவானது உண்மை. 2011இல் 80 யென்கூடக் கிடைக்காமல் அது விலை கூடியிருந்ததும் உண்மை. சரி, நாளைக்கே யென் 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விமான டிக்கெட், விசா எல்லாம் போக, நீங்கள் யென்னில் செலவழிப்பது பாதி இருக்குமா? 1.5 லட்சத்துக்கு 15,000 கூடும். அதற்குப் பயந்து 80,000 வட்டி கட்டுவது என்ன கணக்கு?

தம்பிக்கு உதவுவதே தப்பு என்று சொல்லவில்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருப்பதும், கேட்ட அன்றே நீங்கள் அனுப்பிவிடுவதும்தான் சிக்கல். வருடத்துக்கு 12,000 மாதிரி, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். அது தீர்ந்தால் அந்த வருடம் அவ்வளவுதான். பயணப் பணத்தைச் சம்பளக் கணக்கிலிருந்து எடுத்து, வேறு வங்கியில் தொடர் வைப்பாக (மாதாமாதம் கட்டும் ஆர்.டி.) போடுங்கள். அதையும் நடுவில் உடைக்கலாம்தான், ஆனால் உடைப்பதற்கு முன் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு நாளில் கணவரிடமும் கேட்டுவிடுங்கள்.

கட்ட முடியும் என்கிற 10,500ஐ வங்கிக்குக் கொடுக்காமல் உங்களுக்கே கட்டிக்கொள்ளுங்கள். இன்னும் தேவை 2.6 லட்சம், 25 மாதத்தில் சேர்ந்துவிடும். தம்பி மாதம் 5,000 திருப்பித் தர ஒப்புக்கொண்டால் 17 மாதம் போதும். இதை அவரிடம் கேட்டே ஆக வேண்டும், அதுவும் இந்த மாதமே.

அப்புறம், சுற்றுலா ஏஜென்ட்கள் தலையில் கட்டும் ஜப்பான் ரயில் பாஸை (குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறையும் ரயிலில் போக உதவும் சீட்டு) யோசிக்காமல் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்ப புல்லட் ரயிலில் தனி டிக்கெட் எடுத்தாலே 30,000 யென்னுக்குள் முடிந்துவிடும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் அங்கே விடுமுறைக் காலம், அறை வாடகை எகிறும். நவம்பரில் போங்கள். கையிலுள்ள 40,000ஐ எந்தப் பேக்கேஜுக்கும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள், தொடர் வைப்போடு அதுவும் கிடக்கட்டும்.