செர்பியக் கால்பந்து முன்கள வீரர் சாவோ மிலோஷெவிச் உண்மையில் கோல் தவறவிடுபவர்தானா? பயிற்சியாளராக எப்படி?

இங்கிலாந்தில் அவருக்கு ஒட்டிய பெயர் அது. 1995-இல் பெல்கிரேடின் பார்ட்டிசான் கிளப்பிலிருந்து இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவுக்கு வந்தார். எளிதான வாய்ப்புகளைத் தவறவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் 1996 லீக் கோப்பை இறுதியில் லீட்ஸை 3-0 என்று வீழ்த்தியபோது, தொலைவிலிருந்து இடக்காலால் அடித்து முதல் கோலைப் போட்டவர் அவரே. 1998-இல் சொந்த ரசிகர்களை நோக்கி எச்சில் துப்பியதோடு அங்கே உறவு முறிந்தது; அந்தக் கோடையில் ஸ்பெயினின் சரகோசா கிளப்புக்குப் போனார்.

அவருடைய உச்சம் ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியான யூரோ 2000. ஸ்லோவேனியாவுக்கு எதிராக 0-3 என்று பின்தங்கி, பத்துப் பேராகவும் குறைந்த யூகோஸ்லாவியா ஆறே நிமிடங்களில் சமன் செய்தது. மாற்று வீரராக இறங்கிய இவர் அதில் இரண்டு கோல் போட்டார். தொடரில் மொத்தம் 5 கோல்களுடன், அதிக கோல் அடித்தவர்களில் நெதர்லாந்தின் க்ளைவர்ட்டோடு முதலிடத்தைப் பகிர்ந்தார். பிறகு ஆடிய கிளப்புகள் பார்மா, எஸ்பான்யோல், செல்டா, ஒசாசூனா, கடைசியில் ரூபின் கசான் (2008 ரஷ்ய லீக் பட்டம்). நாட்டுக்காக 102 ஆட்டம், 37 கோல். பல்கேரியாவை 6-1 என வென்ற பிரியாவிடை ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார், இரண்டு பெனால்டியை வீணாக்கினார்! இங்கிலாந்துக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

பயிற்சியாளராக அவர் கோப்பைப் போட்டி மனிதர். 2019-இல் பார்ட்டிசானை ஏற்ற சில வாரங்களிலேயே பரம எதிரி கிளப்பான ரெட் ஸ்டாரை 1-0 என வென்று செர்பியக் கோப்பை. 2021-இல் ஒலிம்பியா லியூப்லியானாவுடன் ஸ்லோவேனியக் கோப்பை. லீக் பட்டம் மட்டும் அந்த இரண்டு இடத்திலும் அமையவில்லை.