மூன்று மாதம் வரவே இல்லை, வந்தபோது நிற்கவே இல்லை!

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயது. 28 நாளுக்கு ஒருமுறை டாணென்று மாதவிலக்கு வரும். ஒரு வருடமாக எல்லாம் தாறுமாறு. ஒருமுறை 20 நாளிலேயே வந்தது, அடுத்தது மூன்று மாதம் கழித்து. அப்போது 10 நாள் நிற்கவில்லை, கட்டி கட்டியாகப் போனது. ‘நிற்கப்போகிற வயசு, அப்படித்தான் இருக்கும், பேசாமல் இரு’ என்கிறார் அக்கா. விட்டுவிடலாமா?

பதில்: அக்கா சொல்வதில் பாதி சரி. நாள் தள்ளிப்போவதும் முன்கூட்டியே வருவதும் இந்த வயதில் சகஜம்தான். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவந்தால்தான், கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கட்டுக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்கும். இப்போது சில மாதங்களில் முட்டையே வருவதில்லை, ஆனால் ஈஸ்ட்ரோஜென் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் வேலையை நிறுத்தாமல் அந்த உள்சவ்வைத் தடிமனாக்கிக்கொண்டே போகும், அப்புறம் ஒருநாள் அது மொத்தமாக உடைந்து இறங்கும்போதுதான் நீங்கள் சொல்கிற அந்தப் பத்து நாள் பாடு.

‘பேசாமல் இரு’ என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு நாளுக்கு மேல் போனாலும், 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலும், இடையில் அல்லது தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். நாப்கின் மணிக்கொன்றாக நனைந்து, இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே தொடர்ந்தால், தலை சுற்றினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

போகும்போது காலண்டரைக் கொண்டுபோங்கள். வந்த தேதி, நின்ற தேதி, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று பேனாவால் குறித்தாலே போதும். ‘கொஞ்ச நாளாகச் சரியில்லை’ என்பதைவிட அது எங்களுக்கு ஆயிரம் மடங்கு உதவும். ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் பார்ப்பார்கள். 45 வயதுக்கு மேல் என்பதால் உள்சவ்விலிருந்து துளி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம், பயந்துவிடாதீர்கள். கர்ப்பப் பரிசோதனையும் உண்டு! சிரிக்காதீர்கள், இந்த வயதிலும் கரு தங்கும். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ பலருக்குப் போதும். எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரை மட்டும் வேண்டாம்.

கேள்வி: வயது 53. நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் லேசாகக் கறை பட்டது, ஒரே நாள்தான். மறுபடி ஆரம்பிக்கிறதா?

பதில்: இல்லை. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மெனோபாஸ், அதாவது மாதவிலக்கு நிரந்தரமாக நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அதை மாதவிலக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் பிறப்புறுப்பின் சவ்வு மெலிந்து வறண்டிருப்பது போன்ற சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும், ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். இன்னொரு முறை வருகிறதா என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.